பெட்டியில் இல்லாத தண்ணீர்

ரப்பரைக் கையால் தொடாமலே பல வருடங்களாக ரப்பர் ஆராய்ச்சி செய்து சம்பளம் வாங்குகிறவள் நான். மலேசியாவில், ஈப்போவுக்குத் தெற்கே காம்பார் என்ற ஊரில் எனக்கு வேலை. ஆய்வுக்கூடம் என்றதும் கண்ணாடிக் குடுவை, அடுப்பு, அமோனியா நாற்றம் எல்லாம் நினைவுக்கு வரும். என்னுடைய இடத்தில் ஒரு மேசையும் இரண்டு திரைகளும்தான் உண்டு. பக்கத்து அறையில் கம்ப்யூட்டர்கள் அடுக்கடுக்காக நின்று குளிர்காற்றில் இரைந்துகொண்டிருக்கும்.

வேலை இதுதான். கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னப் பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்குள் ரப்பரின் அணுக்களை ஒவ்வொன்றாக அடுக்குவோம். எந்த அணு எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது, எவ்வளவு தூரம் இழுத்தால் விட்டுவிடும் என்பதையெல்லாம் கணக்காக எழுதிக் கொடுப்போம். பிறகு சூடேற்றுவோம். அணுக்கள் நடுங்கத் தொடங்கும். பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்போம். நிஜத்தில் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் நடந்து முடிந்துவிடுவதை, கம்ப்யூட்டர் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து கணக்குப் போடும். ரப்பரின் நீளமான சங்கிலிகள் எங்கே நழுவுகின்றன, எங்கே அறுகின்றன என்று படமாகப் பார்க்கலாம். தொழிற்சாலையில் பீப்பாய் பீப்பாயாக ரப்பர் பாலை வீணாக்கிக் கண்டுபிடிக்க வேண்டியதை இப்படியே கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் எங்கள் ஆசை.

பெட்டிக்குள் நாம் எதை வைக்கிறோமோ அதுதான் அங்கே உலகம். வைக்காதது அங்கே கிடையாது. இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். எனக்கு நானே விளக்கிக்கொள்ளவில்லை.

என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பதினைந்து வருடத்துக்கும் மேலாக வேலை பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்றுவிட, அங்கே வரிசை வரிசையாக வீடு கட்டிவிட்டார்கள். அந்த வீடுகளில் ஒன்றில்தான் அக்கா குடும்பம் இருக்கிறது. தொழிற்சாலையில் அவளுக்குச் சோதனைப் பிரிவு. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில கையுறைகளை எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார்கள். இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். சொட்டினால் அது ஓட்டை. ஆறு பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டு இந்த வேலையைச் செய்வார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் எனக்குப் போன் பண்ணுவாள். என்ன சாப்பிட்டேன் என்று கேட்பாள், தொழிற்சாலையில் யார் யாரோடு சண்டை என்று சொல்வாள். ஒரு தீபாவளி விடுமுறையில் என் மடிக்கணினியில் ரப்பர் இழுபடும் படத்தை ஓட்டிக் காட்டினேன். பச்சையும் மஞ்சளுமாக நெளியும் சங்கிலிகளை உற்றுப் பார்த்தாள்.

"இதுல ரப்பர் எங்க இருக்கு?"

"இதான்க்கா ரப்பர்."

"இதையா நாள் முழுக்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க? உன்னய தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும் லா."

எங்கள் பக்கத்தில் மனநல ஆஸ்பத்திரி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அந்த ஊர்ப் பெயரே போதும். வீடே சிரித்தது. ஆனால் வெளியாட்களிடம் அக்கா என்னைப் பற்றிப் பேசும் விதமே வேறு என்று எனக்குத் தெரியும்.

அப்படிப் பேசித்தான் தன் தொழிற்சாலையின் ஆய்வு வேலை ஒன்றை எனக்கு வாங்கித் தந்தாள். ரப்பர் பாலில் இயற்கையாகவே புரதம் உண்டு. ஆஸ்பத்திரியில் கையுறை போடும் சில தாதிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் கையெல்லாம் தடித்துவிடும். அதனால் புரதத்தைக் கழுவி எடுத்த பாலில் கையுறை செய்ய அந்தத் தொழிற்சாலை முயன்றுகொண்டிருந்தது. கழுவுவதற்குச் சோப்பு மாதிரி ஒரு ரசாயனம். எந்தக் கலவை தாங்கும் என்று தெரியவேண்டும். அதே சமயம் என் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம்தான் இருந்தது. புதுத் திட்டம் ஒன்று கிடைக்காவிட்டால் வேலை போய்விடும். அக்கா நேராகத் தன் தொழிற்சாலை ஆய்வுக்கூடத் தலைவியிடம் போய், "என் தங்கச்சி காம்பார்ல ரப்பர்தான் பாக்குது மேடம்" என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லியிருக்கிறாள். அந்தச் சீன அம்மா என்னைக் கூப்பிட்டார். முதல் நாள் நான் போனபோது அக்கா அரைநாள் லீவு போட்டுவிட்டு, நல்ல சட்டை மாற்றிக்கொண்டு, கேட் காவலாளியிடம் என்னை அறிமுகப்படுத்தவென்றே காத்திருந்தாள்.

அப்புறம் நான் பெட்டியைக் கட்டினேன். சுத்தமான ரப்பர்ச் சங்கிலிகள், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் கந்தகப் பாலங்கள், அவ்வளவுதான். கழுவிய பிறகு மிச்சமிருக்கும் சோப்பை நான் வைக்கவில்லை. தண்ணீரையும் வைக்கவில்லை. வைத்தால் அணுக்கள் பெருகிவிடும், நாள் கணக்கு வாரக் கணக்காகிவிடும், என்னிடம் அவ்வளவு அவகாசம் இல்லை. சூட்டில் காய்ந்து வரும் கையுறையில் தண்ணீர் ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புரதம், சோப்பு, ஈரம் எல்லாவற்றுக்கும் என் குறிப்பேட்டில் ஒரே சொல்தான்: அழுக்கு.

முடிவுகள் அழகாக வந்தன. கழுவிய பாலுக்கு என் பெட்டி தந்த எண்கள், வழக்கமான கையுறையின் எண்களோடு ஏறக்குறைய ஒத்துப்போயின. ஒரு கலவையைப் பரிந்துரைத்தேன். தொழிற்சாலை ஒரே ஒரு லைனில் அதை ஓட்டிப் பார்க்கத் தொடங்கியது. என் ஒப்பந்தமும் நீட்டிக்கப்பட்டது.

ஆண்டுக் கடைசி மழைக்காலம். ஒரு மத்தியானம் அக்கா போனில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"பாப்பா, அந்தப் புதுப் பால் சரியில்ல லா."

"என்னக்கா சரியில்ல?"

"கிழியுது. கட்ட விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல. தண்ணி ஊத்துனா கொஞ்ச நேரத்துல சொட்டுது. எல்லாத்துலயும் இல்ல. மழ பேஞ்ச மறுநாள் வர்ற லாட்லதான் நெறய."

நான் சிரித்தேன். சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "மழைக்கும் கிளவ்ஸுக்கும் என்னக்கா சம்பந்தம்? கூரைக்குக் கீழதானே செய்யுறாங்க."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீதான் படிச்சவ. நான் பாத்தத சொல்றேன். மூணு வாரமா பாக்குறேன். மழ பேஞ்ச நாளுக்கு காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன்."

"சரிக்கா, பாக்குறேன்" என்றேன். பார்க்கவில்லை. அந்தக் காலண்டரைப் படம் எடுத்து அனுப்பு என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அதையும் சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு அப்படித் தோன்றுகிறது, ஒரு மாதம் போனால் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் தொழிற்சாலையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மாடியில் ஒரு சின்ன அறை. ஆய்வுக்கூடத் தலைவியும், சோதனைப் பிரிவு சூப்பர்வைசரும், நானும். சூப்பர்வைசர் நம்மவர்தான், வயதானவர், பேச்சு குறைவு. புது லைனில் ஓட்டைக் கணக்கு கூடிக்கொண்டே போகிறது, பாலில் கோளாறு இருக்குமா என்று தலைவி கேட்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் படங்களைத் திரையில் போட்டேன். சங்கிலிகள் இழுபடுவதை ஓட்டிக் காட்டினேன். பொருளில் பலவீனம் இருப்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரே இடத்தில், விரல் இடுக்கில் மட்டும் கிழிகிறது என்றால், சோதிக்கிறவர்கள் விரித்துப் பிடிக்கும்போது நகமோ மோதிரமோ படுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது" என்றேன்.

மழை பற்றி அக்கா சொன்னது அந்த நேரம் என் நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். வண்ணப் படங்களை ஓட்டிக் காட்டிவிட்டு, மழை பெய்தால் கிழிகிறதாம் என்று அந்த அறையில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. யார் சொன்னது என்று கேட்டால் என் அக்கா என்று சொல்லவும் கூச்சம்.

தலைவி மலாயில் சூப்பர்வைசரிடம் ஏதோ சொன்னார். அவர் எழுந்து போனார். நானும் தலைவியும் அடுத்த கட்ட வேலையைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு நான் படியிறங்கினேன். படிக்கட்டுக்கு நேர் கீழேதான் சோதனைப் பிரிவு.

ஆறு பெண்களும் வரிசையாக நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியிருந்தார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொரு கையாகத் திருப்பி நகம் பார்த்துக்கொண்டே வந்தார். அக்கா மூன்றாவது. அவள் விரலில் கல்யாண மோதிரம். ஆண்டுக்கணக்காகக் கழற்றாமல் சதையில் பதிந்துபோனது. அதைக் கழற்றச் சொன்னார். வரவில்லை. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு இழுத்தாள். எதற்கோ திரும்பியவள் என்னைப் பார்த்தாள். நான் படியில் பாதியில் நின்றுகொண்டிருந்தேன். அவள் உடனே பார்வையை விரலுக்குத் திருப்பிக்கொண்டாள்.

நான் மீதிப் படிகளையும் இறங்கி, அவளைத் தாண்டி, காருக்குப் போனேன். காம்பார் வரும்வரை, இது வழக்கமான சோதனைதானே, யாரையும் திட்டவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் மத்தியானம் போன் வரவில்லை. வாரக் கடைசியில் நானே கூப்பிட்டேன். சாதாரணமாகத்தான் பேசினாள். ஆறு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்ததையும், இவளையும் இன்னும் இரண்டு பேரையும் பேக்கிங்குக்கு மாற்றியதையும் அவள் சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்து வேலையை விட்டுவிட்டாள். "பேக்கிங்ல பெட்டி தூக்கி முட்டி வலிக்குது பாப்பா, முடியல" என்றாள். அதை நான் அப்படியே நம்பினேன். நம்புவதுதான் எனக்கு வசதியாக இருந்தது. சோதனைக்குப் புது ஆட்களைப் போட்ட பிறகும் கையுறைகள் கிழிந்தன. கடைசியில் தொழிற்சாலை அந்தக் கலவையைச் சத்தமில்லாமல் கைவிட்டது. காரணம் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இதற்கிடையில் அந்த வேலையை ஒரு கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். மதிப்பிடுவதற்காக இதழ் அதை அனுப்பிய, முன்பின் தெரியாத ஒருவர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: கழுவிய பாலில் தங்கிவிடும் சோப்பையும் காற்றிலுள்ள ஈரத்தையும் உங்கள் பெட்டியில் சேர்த்துப் பார்த்தீர்களா?

எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். சேர்த்துப் பார்த்து, வித்தியாசம் இல்லை என்று ஒரு வரி எழுதிவிடலாம் என்று எண்ணம். கொஞ்சம் சோப்பு மூலக்கூறுகள், கொஞ்சம் தண்ணீர், ஒப்பிடுவதற்குப் புரதத்தை விட்டுவைத்த இன்னொரு பெட்டி. மூன்று வாரம் ஓடியது. படத்தைத் திறந்தேன். தண்ணீர் பரவலாக இல்லை. சோப்பு எங்கே இருந்ததோ அங்கேயெல்லாம் போய்ச் சின்னச் சின்னக் குட்டைகளாகத் தேங்கியிருந்தது. சுற்றியிருந்த சங்கிலிகளை அது ஒதுக்கித் தள்ளியிருந்தது. இழுத்தபோது கிழிசல் ஒவ்வொரு முறையும் அந்தக் குட்டைகளிலிருந்துதான் தொடங்கியது. கழுவி எடுத்த புரதத்துக்கும் ஒரு வேலை இருந்திருக்கிறது. சங்கிலிகளின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது அதுதான். அதைத்தான் நான் அழுக்கு என்று எழுதியிருந்தேன். விரல் இடுக்கில் படலம் மெல்லியது, கடைசியாகக் காய்வதும் அந்த இடம்தான். காற்றில் ஈரம் கூடும் நாளில் எது முதலில் கிழியும் என்று கேட்கவே வேண்டியதில்லை.

அன்றே அக்காவுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. கட்டுரையைத் திருத்தினேன். பழைய முடிவைப் பின்னுக்குத் தள்ளி இதை முன்னால் வைத்தேன். ஈரமான நாட்களுக்குப் பிறகு ஓட்டைகள் அதிகமாவது உற்பத்தியில் கவனிக்கப்பட்டது என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். கட்டுரை முன்னைவிட நன்றாக வந்துவிட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்டு வெளிவர நான்கு மாதம் ஆனது. அதற்குப் பிறகுதான் அக்காவைப் பார்க்கப் போனேன்.

அப்போது அவள் ஈப்போவில் ஒரு முஸ்லிம் உணவுக்கடைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். பின்பக்க மேசையில் உட்கார்ந்தோம். அவளே எனக்கு ஒரு தே தாரிக், நுரைக்க ஆற்றிய பால் டீ, கொண்டுவந்து வைத்தாள்.

"நீ சொன்னது சரிக்கா."

"எது?"

"மழை."

நான் சோப்பையும் தண்ணீரையும் குட்டைகளையும் பற்றி விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

"அந்த சோப்பு கழுவுனப்புறமும் உள்ளயே இருக்குமா?"

"கொஞ்சம் இருக்கும்."

"அதான் பாப்பா. அந்தப் புது லாட்டக் கையில எடுத்தாலே வழவழன்னு இருக்கும். நாங்க ஆறு பேரும் பேசிக்குவோம். எங்ககிட்ட யாரு கேட்டா?" மேசை விளிம்பைத் துணியால் துடைத்தாள். "எப்பத் தெரிஞ்சுச்சு உனக்கு?"

"நாலஞ்சு மாசம் ஆச்சு."

"ம்."

"எழுதியிருக்கேன்க்கா. புக்குல வந்திருச்சு."

"மழனு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"யாரு பாத்தாங்கன்னு?"

பார்த்தது யார் என்று நான் எழுதவில்லை. கட்டுரையின் கடைசியில் தொழிற்சாலைக்கு நன்றி சொல்லியிருந்தேன், கம்ப்யூட்டர் நேரம் தந்தவர்களுக்கும் நன்றி சொல்லியிருந்தேன். அந்தக் காலண்டர் இருக்கிறதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"வருஷம் முடிஞ்சதும் தூக்கிப் போட்டுட்டேன். அத வெச்சு என்ன செய்ய?" பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "நான் சொன்னத நீ நம்பல, அது பரவால்ல. எனக்கே மொதல்ல நம்பிக்க இல்ல. ஆனா அன்னிக்கு நீ படிக்கட்டுல நின்னுக்கிட்டு இருந்த. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் லா."

உள்ளேயிருந்து யாரோ, "அக்கா, வெங்காயம்!" என்று கூப்பிட்டார்கள். "வாரேன்" என்று எழுந்தாள். "டீத்தண்ணியக் குடி, ஆறிப்போவுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே ஆய்வுக்கூடத் தலைவிக்குக் கடிதம் எழுதினேன். தவறு பாலில்தான், என் கணக்கில்தான், அந்தப் பெண்களின் கையில் இல்லை, எச்சரிக்கைக் கடிதங்களைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டேன். மரியாதையாக இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தக் கலவை இப்போது உபயோகத்தில் இல்லை, சம்பந்தப்பட்ட ஊழியர்களில் பெரும்பாலோர் விலகிவிட்டார்கள், கோப்பு மூடப்பட்டது. ஆய்விதழுக்கும் எழுதினேன். திருத்தக் குறிப்பு ஒன்று போட ஒப்புக்கொண்டார்கள். பெயர் போடலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"எம் பேரு மட்டும் எதுக்கு? மத்த அஞ்சு பேரு பேரும் போடுவியா?"

தேடினேன். அக்காவிடமே இரண்டு பேரின் போன் நம்பர்தான் இருந்தது. ஒருத்தி பினாங்குப் பக்கம் போய்விட்டாள், அந்த நம்பரும் வேலை செய்யவில்லை. இன்னொருத்தி, எனக்கு அந்தப் பேச்சே வேண்டாம் என்று போனை வைத்துவிட்டாள். கடைசியில் ஈரத்துக்கும் கிழிசலுக்கும் உள்ள தொடர்பை முதலில் கவனித்தவர்கள் சோதனைப் பிரிவின் ஆறு பெண்கள் என்று, பெயரில்லாமல், ஒரு வரி வந்தது. அதை யார் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் வேறொரு தொழிற்சாலை, மருத்துவக் குழாய் செய்கிறவர்கள், என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டியைக் கட்டுமுன் சோதனை செய்கிறவர்களோடு பேச வேண்டும் என்றேன். மலாய்ப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். நான் கேள்வி கேட்டபோதெல்லாம் அவள் முதலில் தன் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்தாள். அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். அதன் பிறகு அரைமணி நேரம் பேசினாள். குழாய் வாசனை மாறும் நாள், கையில் ஒட்டும் நாள், சத்தம் வேறு மாதிரி வரும் நாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அவற்றில் பாதி என் பெட்டிக்குள் எப்படிப் போகும் என்று இன்னும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. "நல்லது லா" என்றாள். அப்புறம், "ஹுத்தான் மெலிந்தாங் மீன்காரங்ககிட்டேர்ந்து எறா வந்திருக்கு. வேணும்னா வந்து எடுத்துட்டுப் போ" என்றாள்.

போனேன். சுத்தம் செய்து, பையில் கட்டி, ஐஸ் போட்டு வைத்திருந்தாள். வாசல் கேட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள்; உள்ளே வா என்று சொல்லவில்லை. மஞ்சள் கூடுதலாகப் போட்டுப் பிரட்டு, இல்லாவிட்டால் வாடை அடிக்கும் என்றாள். சரிக்கா என்றேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் கார் கதவைத் திறக்கும்வரை நின்றுகொண்டிருந்துவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.